கை நனைக்காத மாப்பிள்ளை

மெக்சிக்கோக்காரரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் மெக்சிக்கோவுக்கு உரியவை என்று நான் கண்டவை இரண்டுதான். ஒன்று சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட பெரிய தொப்பி, மற்றது வாசலில் நின்ற பிளாஸ்ரிக் கள்ளிச்செடி. சமைத்தவர் எந்த நாட்டவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த நாட்டவராக இருந்தாலும் அன்று அவருக்கு மனம் சரியில்லை.

1986ஆம் ஆண்டு, இலை கொட்டுகிற காலம். எனக்கு முப்பத்தொரு வயது. ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம், தமையனின் வீட்டில் இருந்துகொண்டு, ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். முப்பத்தொரு வயதில் கலியாணமாகாத பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றுமுன் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அண்ணை ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அண்ணி தேத்தண்ணி போடப் போய்விடுவார். எனக்குக் கலியாணம் செய்ய விருப்பமா இல்லையா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. விருப்பம்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன் இரண்டு பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது வைத்ததைச் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் வாயால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஏதாவது சாட்டுச் சொல்லி, சாப்பிடாமல் எழும்பிவிடுவார்கள். முதலாவது ஆள் தனக்குச் சீனி வருத்தம் என்றார். அண்ணி உடனே உழுந்து வடையை நீட்டினார். அதற்குள்ளும் சீனி இருக்கும் என்று பயந்தாரோ என்னவோ, தொடவில்லை. இரண்டாமவர் தாயோடும் தமக்கையோடும் வந்தார். மூன்று பேரும் இப்பதான் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம், பின்னேரம் நாலு மணிக்கு. அவர்கள் போனபின் அண்ணி, எறிய மனம் வராமல், பலகாரம் முழுவதையும் அயலில் இருந்த தமிழ் வீடுகளுக்குப் பங்கிட்டார். அது பெரிய பிழை. நிரம்பின தட்டாகப் பலகாரம் வந்தால் அதன் அர்த்தம் என்ன என்று அயலில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மூன்றாவது ஆளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று அண்ணை முடிவெடுத்தார். தமிழரின் கண் படாத ஒரு கடையில் சந்திப்பதென்று ஏற்பாடு. மெக்சிக்கன் சாப்பாடு உங்களுடைய சாப்பாடு மாதிரித்தான், சோறு இருக்கும், ரொட்டி இருக்கும், உறைப்பும் இருக்கும் என்று அண்ணையின் வேலைத்தலத்துச் சுப்பர்வைசர் சொல்லியிருந்தாராம்.

"மெக்சிக்கனோ? உது என்ன கண்டறியாத சாப்பாடு?" என்றார் அண்ணி.

"ரொட்டியும் சம்பலும்தானப்பா. பேசாமல் வாரும்."

மாப்பிள்ளை நகரின் மற்றக் கரையில், ரெக்ஸ்டேலில் இருந்தார். சொந்த ஊர் மட்டக்களப்பு. நாங்கள் யாழ்ப்பாணம். அண்ணிக்கு அதுவே ஒரு சங்கடம். மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மந்திரம் மாயம் செய்து, போன ஆளைத் திரும்பி வராமல் பண்ணிவிடுவார்கள் என்று அர்த்தம். அண்ணி அதைச் சொன்னபோது அண்ணை சோக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். "ஆராவது ஒட்டவைச்சாலே காணும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். நாற்பது நிமிட ஓட்டம். காரில் ஹீற்றர் வேலை செய்யாது. நீலச் சேலைக்கு மேல் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு பின் சீற்றில் இருந்தேன். காலையில் தலைமுடிக்கும் சேலைக்கும் நேரம் போனதில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதோடு எனக்கு ஒரு பழக்கம், பயம் வந்தால் பசி கூடும்.

மாப்பிள்ளை கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். கழுத்தில் ரை, அதன் முடிச்சு அளவுக்கு மிஞ்சிப் பெரிது.

"ஆரோட வந்தனீங்கள், தம்பி?" என்று அண்ணை கேட்டார்.

"தனியத்தான். இஞ்ச எனக்கு ஆரும் இல்ல."

பெண் பார்க்க ஒருவர் தனியாக வருவதை அண்ணி அதுவரை கண்டதில்லை. அவருக்குப் பின்னால் கார் தரிப்பிடத்தை எட்டிப் பார்த்தார். அங்கும் ஒருவரும் இல்லை.

முதலில் ஒரு கூடை வந்தது. முக்கோணமாக வெட்டின சோளப் பொரியல், தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஏதோ ஒன்று. கவனம், மிகவும் உறைப்பு என்று பரிமாறிய பெண் ஆங்கிலத்தில் எச்சரித்தாள். அண்ணை தண்ணீர்க் கிளாசைக் கிட்ட இழுத்து வைத்தார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு துண்டைத் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"இனித்தான் ஏறும் போல கிடக்கு" என்றார் அண்ணை.

ஏறவில்லை. தக்காளியை நறுக்கித் தண்ணீர் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளையும் ஒரு துண்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைத் தன் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டார். நான் அதைக் கண்டேன்.

அடுத்துப் பச்சையாக ஒரு களி வந்தது. அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சாருங்கோ, பட்டர் புரூட்!" என்றார். ஊரில் பட்டர் புரூட்டை மசித்துச் சீனி போட்டுச் சாப்பிடுவோம். உலகத்தில் வேறு விதமாகச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அண்ணி மேசையில் கோப்பிக்கு வைத்திருந்த சீனிப் பைக்கற்றுகளில் இரண்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்கி, ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் வைத்தார். அதற்குள் வெங்காயம் இருந்தது. உப்பு இருந்தது, தேசிக்காய்ப் புளி இருந்தது, கொத்தமல்லித் தழையும் இருந்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் துப்ப முடியாது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அப்போது அந்த மனிதர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், மற்றச் சீனிப் பைக்கற்றுகளையும் பொறுக்கி அண்ணிக்கு முன்னால் தள்ளி வைத்தார். "இன்னும் கொஞ்சம் போட்டாச் சரிவரும்" என்றார்.

நான் குடித்த தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. அண்ணி மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விட்டார். அவர் பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. எனக்கு அவரைப் பிடித்தும்விட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிடித்துவிட்டது.

பிறகு பெரிய சாப்பாடு வந்தது. மாடு வேண்டாம், கோழி போதும் என்று அண்ணை அந்தப் பெண்ணிடம் மூன்று தரம் சொல்லியிருந்தார். கோழி எங்கே என்று நாங்கள் கொஞ்ச நேரம் தேடினோம். சோற்றை ரொட்டிக்குள் வைத்துச் சுற்றி, அதற்கு மேல் சீஸை உருக்கி ஊற்றியிருந்தார்கள். பிட்டுக்குள் இடியப்பம் வைத்துத் தந்தால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்தில் மண்ணிறத்தில் ஏதோ பயறு. அவித்து, மசித்து, பிறகு பொரித்ததாம். இவ்வளவு பாடுபட்டவர்கள் கொஞ்சம் உப்பும் போட்டிருக்கலாம். ஆனாலும் நான் சாப்பிட்டேன். பசியும் பயமும் சேர்ந்து வந்தால் நான் ருசி பார்ப்பதில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பெண் கொறிக்க வேண்டுமே தவிர வெட்டக்கூடாது என்று அண்ணி இரண்டாம் தரமும் உதைத்தார். அதற்குள் பாதி முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை தன்னுடையதை நாலு துண்டாக வெட்டினார். துண்டுகளைக் கோப்பையின் ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு மற்றப் பக்கம் ஒதுக்கினார். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

"நிண்டு செய்ற வேலையா, இருந்து செய்ற வேலையா?" என்று என்னைக் கேட்டார்.

"நிண்டு."

"எத்தனை மணித்தியாலம்?"

"எட்டு."

"கால் நோகும்" என்றார்.

முதல் வந்த இருவரும் எனக்குக் கார் ஓடத் தெரியுமா, பேப்பர் எல்லாம் சரியா என்று கேட்டவர்கள். கால் நோகும் என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் ஓம் என்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்தது. ஏப்ரன் கட்டின ஒரு மீசைக்காரர் ஈரக் கையோடு வெளியே வந்து எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். "அண்ணை, நீங்கள் மல்வேர்ன்தானே? பஸ் ஸ்ரொப்பில கண்டிருக்கிறன்!" என்றார். தமிழர் கண்ணுக்குத் தப்பி நாற்பது நிமிடம் ஓடி வந்திருந்தோம். ஆனால் அந்தக் காலத்து ரொறன்ரோவில் எந்தக் கடையின் சமையலறையைத் திறந்தாலும் உள்ளே ஒரு தமிழர் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பார். அண்ணையும் வந்த புதிதில் கழுவினவர்தான். அது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இல்லை" என்றார் அண்ணை.

மீசைக்காரர் என் சேலையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் ரையைப் பார்த்தார், கடைசியாக மாப்பிள்ளையின் கோப்பையைப் பார்த்தார். "சரி சரி, நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முடிவில் பரிமாறிய பெண் வந்து, தொடாமல் கிடந்த கோப்பையைக் காட்டி, கட்டித் தரவா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் எல்லாவற்றையும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்நேரம் ஸ்பீக்கரில் யாரோ ஒருவர் ஆறேழு கிற்றார்களோடு சேர்ந்து கத்திப் பாடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்டும் தொடேல்லையே?" என்று அண்ணை குரலை உயர்த்திக் கேட்டார்.

அவர் ஒரு சொல் சொன்னார். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் மூவருக்கும் கும்பிட்டார். பிறகு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரில் அது ஒரு பெரிய வழக்காகப் போனது.

"ஒரு பருக்கை தொடேல்லை" என்றார் அண்ணி.

"பாசல் கட்டிக்கொண்டெல்லோ போறார்? வீட்டை போய்ச் சாப்பிடுவார். அது கை நனைச்ச கணக்குத்தானே?"

"எங்கட கண்ணுக்கு முன்னால நனைக்கவேணும்."

"முள்ளுக்கரண்டியால சாப்பிட்டால் கை எங்கை நனையிறது? அப்பிடிப் பாத்தால் நாங்களும்தான் நனைக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ. மாப்பிள்ளை நனைக்கிறதுதான் கணக்கு. நாங்கள் நனைச்சென்ன, முழுகினென்ன!"

பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார். "போகேக்கை மறுக்கிறன் எண்டெல்லோ சொன்னவர்?"

"மறுக்கா எண்டவர். மறுக்கா வருவம் எண்டாக்கும்" என்றார் அண்ணி.

"அந்தக் கடைக்கு மறுக்கா வர அவருக்கென்ன விசரே?"

அந்த ஒரு நியாயத்தோடு வழக்கு முடிந்துவிட்டது. அந்தச் சாப்பாட்டைக் கண்ட ஒருவர் திரும்பவும் வருவோம் என்று சொல்லியிருக்க வழியில்லை. ஆகவே மறுக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். உனக்கு என்ன கேட்டது பிள்ளை என்று அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு 'மறு' என்பது மட்டும் கேட்டிருந்தது. மிச்சம் கிற்றாரில் போய்விட்டது. நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். முதல் இருவர் சாப்பிடாமல் போனபோது எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை கோபம் வரவில்லை, நெஞ்சு நொந்தது. கால் நோகும் என்று சொன்ன மனிதர் என் முன்னால் ஒரு வாய் வைக்கவில்லையே என்று நொந்தது.

திங்கள் ஒரு தகவலும் இல்லை. செவ்வாயும் இல்லை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த அண்ணையின் சிநேகிதரைக் கேட்டால், ஆள் வாயே திறக்கிறாரில்லை என்றார். அண்ணி என்னோடு மிகவும் அன்பாகப் பேசத் தொடங்கினார். அது கெட்ட அறிகுறி.

புதன்கிழமை காலை பஸ் ஸ்ரொப்பில் அடுத்த வரிசை வீட்டு அன்ரி என் தோளைத் தடவினார். "கவலைப்படாதை பிள்ளை. எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரவேணும்."

"எதுக்கு அன்ரி?"

"அவர் கோப்பையைத் தொடவேயில்லையாமே?"

மீசைக்காரருக்கு மூன்று நாள் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மறுக்கிற ஆள் மறுக்கட்டும். அதை நான் பஸ் ஸ்ரொப்பில் ஊராரின் வாயால் கேட்கவேண்டுமா? அவரின் நம்பரை அண்ணை குசினிக் கலண்டரில் எழுதி வைத்திருந்தார், அது எனக்குப் பாடம். பெண் மாப்பிள்ளைக்குப் போன் எடுப்பது எங்கள் பரம்பரையிலேயே இல்லாத காரியம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கன்ரீனுக்கு வெளியே இருந்த பொது ரெலிபோனில் காசைப் போட்டேன். அவருக்குப் பின்னேர வேலை என்று தெரியும், அந்நேரம் வீட்டில் இருப்பார்.

"ஹலோ" என்றார்.

"நான் ஞாயிற்றுக்கிழமை மெக்சிக்கன் கடையில சாப்பிட்ட பொம்பிளை கதைக்கிறன்."

"தெரியும். அங்க சாப்பிட்டது நீங்க ஒராள்தானே."

"பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை எண்டு ஒழுங்காச் சொல்லியிருக்கலாம். அண்ணைக்கு முன்னால மறுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு, பெட்டியையும் கட்டிக்கொண்டு போறது என்ன பழக்கம்?"

"ஆர் மறுத்த?"

"நீங்கள்தான்! மூண்டு பேரும் கேட்டனாங்கள்."

"நான் மறுகா எண்டுதான் சொன்னன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"இல்ல. மறுகா எண்டாப் பிறகு. மறுகா சாப்பிடுறன், மறுகா வாறன் எண்டுதான் எங்கட ஊரில சொல்ற. உங்கட பக்கம் இல்லையா?"

எங்கள் பக்கம் இல்லை. முப்பத்தொரு வயதுவரை அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஆனாலும் கோபம் பாதி வழியில் நிற்க மாட்டேன் என்றது.

"பிறகு எண்டால் எப்ப?"

"நீங்க சொன்னாப் பிறகு" என்றார். "நான் அங்க கை நனைச்சிருந்தா உங்கட அண்ணன் அண்டைக்கே நாள் வைச்சிருப்பார். உங்களை ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. என்ர அக்காவையும் கேட்கல்ல. அவவப் பாக்க ஒராள் வந்தார், சாப்பிட்டார், முடிஞ்சுது. அக்கா குசினிக்குள்ள நிண்டு அழுதா. அதான் நான் தொடல்ல." பிறகு, "நல்ல சாப்பாடும் இல்லத்தானே" என்றார்.

நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷிப்ற் பெண்கள் சிகரெட் பைக்கற்றுகளோடு என்னைக் கடந்து போனார்கள். ஒருத்தி நின்று, ஊரில் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்று கையைக் காட்டினேன்.

"அந்தப் பெட்டி?" என்று கேட்டேன்.

"பிரிட்ஜுக்குள்ள கிடக்கு. கூட இருக்கிறவங்களையும் தொட விடல்ல."

"மூண்டு நாளாச்சு."

"ஓம்."

வேலைக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. கன்ரீனில் கதிரைகள் இழுபட்டன. எனக்கு விருப்பம், சம்மதம், நாள் வையுங்கள் என்று எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். என் வாயில் ஒன்றுதான் வந்தது.

"சாப்பிடுங்கோ" என்றேன்.

"உண்மையாத்தானா?"

"சாப்பிடுங்கோ எண்டுறன்."

றிசீவரை அவர் எங்கோ வைத்த சத்தம் கேட்டது. பிரிட்ஜ் கதவு திறந்தது. பெட்டி கிரீச்சென்றது. பிறகு சப்புகிற சத்தம் வந்தது. கையால்தான் சாப்பிட்டிருக்க வேண்டும், கரண்டிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"வாயில வைக்க ஏலாது" என்றார்.

"அப்ப விடுங்கோ. ஒரு வாய் காணும். பழுதாயும் போயிருக்கும்."

"இல்ல. முடிக்கிறன்."

எங்கள் சுப்பர்வைசர் வந்து என் முன்னால் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ரெலிபோனை வைக்கவில்லை.